எட்டு ஆயுதங்களும் ஒரு சாப்பாட்டுத் தட்டும்

இரண்டு முஷ்டி, இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால், இரண்டு கணைக்கால் – இந்த எட்டும்தான் தாய்லாந்தின் முவே தாய் சண்டைக்கு ஆயுதம். 2017-ல் போலந்தில் நடந்த உலக விளையாட்டுப் போட்டியில் இதுவும் பதக்கப் போட்டியானது; பெண்களும் மோதினார்கள். இதிலென்ன அதிசயம் என்கிறீர்களா? பாங்காக்கின் பேர்பெற்ற லும்பினி அரங்கில் பெண் மேடையேறினாலே ஆகாது என்று வெகுகாலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அங்கே கதவு திறந்தது 2021-ல்தான்!

"பொம்பளைப் பிள்ளைக்கு அடிதடி எதுக்கு?" என்கிறார் என் மாமியார். எனக்கு அடியைவிட பயம் வேறு. எடைப் பிரிவுக்காகப் பட்டினி கிடப்பதும், தண்ணீர்கூடக் குடிக்காமல் எடை குறைப்பதும் வளரும் பெண்ணுக்குக் கெடுதல். மயக்கம் வரும், மாதவிலக்கும் தள்ளிப்போகலாம். உங்கள் பெண் சண்டைக் கலை எதைக் கற்றாலும் தாராளமாக அனுப்புங்கள். சாப்பாட்டுத் தட்டில் மட்டும் ஒரு கண் இருக்கட்டும், சகோதரிகளே!