களவு விடையிலா, வினாவிலா?

சென்னையையும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடி இழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறந்துவைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வடம் வரும்வரை, தீவுகளின் இணையம் செயற்கைக்கோளின் தயவில் ஊர்ந்துகொண்டிருந்தது. அடுத்த இரண்டேகால் ஆண்டுகளில், 2022 நவம்பர் 30 அன்று, சாட்ஜிபிடி வெளியானது. விரைவான இணையமும் விடை எழுதித் தரும் எந்திரமும் தீவு மாணவர்க்கு ஏறக்குறைய ஒருசேரக் கிடைத்தன. இன்று அதைப் பயன்படுத்தும் மாணவரைக் கள்வரென்று ஏசுவது எளிது. ஆனால், ஏசுவோர் முன்வைக்கும் தீர்வுகளில் ஒன்றும் தேறாது.

முதல் தீர்வு, எந்திர எழுத்தைக் கண்டறியும் மென்பொருள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அத்தகைய கருவியொன்றை வெளியிட்டது. எந்திரம் எழுதிய நூறு பனுவல்களில் 26ஐ மட்டுமே அது பிடித்தது. மனிதர் எழுதிய நூறில் 9ஐப் பொய்யாகக் குற்றஞ்சாட்டியது. ஆறே மாதங்களில் அந்நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் எழுதிய 91 டோஃபல் தேர்வுக் கட்டுரைகளை ஏழு கருவிகளில் சோதித்தனர். சராசரியாக 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை எந்திர எழுத்தென முத்திரை குத்தப்பட்டன. எளிய சொற்களும் பழகிய தொடர்களுமே அவற்றின் குற்றம். வீட்டில் தமிழோ வங்காளமோ தெலுங்கோ நிக்கோபாரியோ பேசிவிட்டுப் பள்ளியில் ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளையிடம் இக்கருவியை ஏவுவது நீதியாகுமா?

இரண்டாவது, தடை. நியூயார்க் நகரப் பள்ளிகள் 2023 ஜனவரியில் தடை விதித்து மே மாதத்தில் விலக்கிக்கொண்டன. பள்ளி வாயிலோடு முடியும் தடை, வீட்டில் எழுதப்படும் ஒப்படைப்பை எப்படிக் காக்கும்?

மூன்றாவது தரப்பு, 'கணிப்பான் வந்தபோதும் இப்படித்தான் அஞ்சினர்' என்று சமாதானம் சொல்கிறது. இது இன்னும் ஆபத்தானது. எந்தக் கணக்கைப் போடவேண்டும் என்று அறிந்தவருக்கே கணிப்பான் உதவும். எழுத்து எந்திரமோ, எதைச் சொல்லவேண்டும் என்று முடிவெடுக்கும் வேலையையே பறித்துக்கொள்கிறது. பதினைந்து வயதில் அந்த வேலையைப் பழகாதவர் பின்னர் எப்போது பழகுவார்?

நோயின் வேர் வினாவில் இருக்கிறது. சி.பி.எஸ்.இ. முறையில் பத்தாம் வகுப்பின் முதன்மைப் பாடங்களில் 20 மதிப்பெண் அகமதிப்பீட்டுக்குரியது. அதாவது ஆசிரியர் கையில் உள்ளது. அதற்கு 'ஆழிப்பேரலை உருவாகும் விதத்தை விளக்குக' என்று கேட்டால், நேற்றுவரை வழிகாட்டி நூலைப் பார்த்து எழுதினர். இன்று எந்திரத்தைப் பார்த்து எழுதுகின்றனர். மாறியது களவின் கருவி மட்டுமே. மாறாக, 2004 டிசம்பர் 26 அன்று நீர் தம் ஊரில் எதுவரை ஏறியது, குடும்பத்தார் எந்த மேட்டில் ஒதுங்கினர் என்று பெரியோரிடம் கேட்டு எழுதச் சொன்னால், கேட்டறிந்த பிள்ளைக்கே விடை தெரியும். 1964 சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையின் வழியே இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறிய தமிழரின் நினைவுகள் எத்தனை ஏட்டில் ஏறியுள்ளன? 2010இல் போவா என்னும் மூதாட்டி மறைந்தபோது அகா-போ மொழியைப் பேச எவருமின்றிப் போயிற்று. கேட்டு எழுதாத நினைவுகளும் அவ்வாறே போகும்.

இத்தகைய விடையையும் எந்திரத்தால் புனையமுடியும் என்பது மெய்யே. ஆகவே எழுதியவரை ஐந்து நிமிடம் வாய்மொழியாகக் கேட்கவேண்டும். நாற்பது பேர் வகுப்புக்கு 200 நிமிடம், அதாவது ஐந்து பாடவேளை. பருவத்துக்கு ஒருமுறை அதை ஒதுக்க இயலாதா? எந்திரத்தைப் பயன்படுத்தியதாக ஒப்புக்கொள்வோரைத் தண்டியாமல், அதன் விடையிலுள்ள பிழைகளைக் குறித்துவரப் பணிக்கலாம். முதல் வரைவை வகுப்பிலேயே கையால் எழுதவைக்கலாம்.

இவற்றுக்கு ஆசிரியரின் உழைப்பும், அவருக்கு நேரம் ஒதுக்கும் கல்வித்துறையின் மனமும் வேண்டும். அவ்விரண்டையும் தராமல், யாரும் படிக்காத ஒப்படைப்பை யார் எழுதினர் என்று விசாரிப்பதில் பொருளில்லை.