நர்ஸ் போட்ட தடுப்பூசி எத்தனை மாசம் தாங்கும்?

பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானவர்கள் கிரிவலம் வருகிற ஊர் திருவண்ணாமலை. காய்ச்சல், இருமல்னு யார் வந்தாலும் முதலில் எதிரே நிற்பது ஒரு நர்ஸ். அவர் போட்டுக்கொண்ட தடுப்பூசி எத்தனை நாள் காப்பாற்றும்?

2021 ஜனவரி 16-ல் கொரோனா தடுப்பூசி தொடங்கியபோது முதல் வரிசை மருத்துவப் பணியாளர்களுக்குத்தான். நாலு வாரம் கழித்து இரண்டாவது டோஸ். பலன் இருந்ததா? பக்கத்து மாவட்டத்து வேலூர் சி.எம்.சி தன் ஊழியர்களையே வைத்துக் கணக்கு பார்த்தது. இரண்டாவது அலையில், இரண்டு டோஸ் போட்டவர்களுக்குத் தொற்றிலிருந்து 65%, ஆஸ்பத்திரியில் சேர்வதிலிருந்து 77%, ஐ.சி.யூ போவதிலிருந்து 94% பாதுகாப்பு.

நல்ல மார்க்தான். ஆனா, அது ஊசி போட்ட சில மாதங்களுக்குள் எடுத்த கணக்கு. முதலில் போட்டவர்களுக்குத்தான் முதலில் குறையவும் செய்யும். பூஸ்டருக்கு (அரசு வைத்த பெயர் முன்னெச்சரிக்கை டோஸ்) 9 மாத இடைவெளி வேண்டும் என்றார்கள். பிப்ரவரி நடுவில் இரண்டாவது டோஸ் முடித்த நர்ஸுக்கு அந்த 9 மாதம் நவம்பரிலேயே, சரியாகச் சொன்னால் கார்த்திகை தீப வாரத்திலேயே முடிந்துவிட்டது. பூஸ்டர் வந்ததோ 2022 ஜனவரி 10-ல். அதற்குள் ஒமைக்ரான் வந்தாச்சு. இடைவெளியை 6 மாதமாகக் குறைத்தது அந்த ஜூலையில். கூட்டத்துக்கு நடுவே வேலை பார்ப்பவர்களுக்காவது அதை முன்பே செய்திருக்கலாம்.

சரி, ஆன்டிபாடி குறைந்தால் பாதுகாப்பே போச்சா? இல்லை. நோயை ஞாபகம் வைத்திருக்கும் செல்கள் உடம்பில் இருக்கும். ஆனா, அவை சுதாரித்து வேலையைத் தொடங்க சில நாள் ஆகும். ஒமைக்ரான் மூன்று நாளிலேயே அறிகுறி காட்டிவிடும். போதாக்குறைக்கு வைரஸும் உருமாறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் தொற்று வருகிறது, ஆனால் பெரும்பாலும் ஐ.சி.யூ வரை போவதில்லை.

இதே நர்ஸ் போடுகிற ஹெபடைடிஸ் பி ஊசி கதையே வேற. மூன்று டோஸில் ஒழுங்காக எதிர்ப்பு சக்தி வந்தவர்களுக்கு, பிறகு ஆன்டிபாடி மறைந்தாலும், 30 வருஷம் வரை பாதுகாப்பு நிற்கிறது. காரணம், அந்த வைரஸ் நோயாக மாற 30 முதல் 180 நாள் எடுக்கும். ஞாபக செல்கள் எழுந்து வர நேரம் தாராளம்.

ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறீங்களா? மூன்றாவது டோஸ் முடிந்து 1-2 மாதத்தில் ஹெபடைடிஸ் பி ஆன்டிபாடி டெஸ்ட் எடுங்க. 10 யூனிட்டும் அதற்கு மேலும் இருந்தால் ஓகே. கொரோனாவுக்கு அப்படி ஒரு எல்லைக்கோடு கிடையாது. அந்த டெஸ்ட்டுக்கு லேபில் காசு கொடுக்க வேண்டாம்.