பன்னிரண்டு சொற்களும் யார் கையில்?

சேவைக்காலப் பணமும் ஊழியர் சேமலாப நிதியும் கைக்கு வரும் நேரத்தில் லயத்துக்கு வந்து போகிறவர்களின் தொகையும் கூடிவிடுகிறது. முன்பு சீட்டுப் பிடிப்பவர்கள் வந்தார்கள். இப்போது கிரிப்டோ முகவர்கள் வருகிறார்கள். "அக்கா, போனக் குடுங்க, நானே வொலட் தெறந்து தாரேன்" என்கிறார்கள். இந்த ஒரு வசனத்தைப் பற்றித்தான் பேச விரும்புகிறோம்.

எமது நிலைப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறோம். ஓய்வுபெற்றுப் பெறும் பணத்தில் ஒரு சதத்தையும் இதில் போட வேண்டாம். எந்தக் கிரிப்டோ நிறுவனத்துக்கும் தான் அனுமதி வழங்கவில்லை என்று மத்திய வங்கி 2022 ஜூலையில் அறிவித்தது. இதற்கு வங்கி அட்டைகளைப் பயன்படுத்தவும் முடியாது என்றது. ஆனால் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள எம்மால் முடியாது. கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை செய்யும் எமது பிள்ளைகள் பலரின் போனில் இது ஏற்கெனவே வந்துவிட்டது.

வொலட் என்றால் பணப்பை என்று அர்த்தம். அந்தப் பெயரே ஆளை ஏமாற்றுகிறது. பிட்கொயின் போனுக்குள் இருப்பதில்லை. கணக்கு முழுவதும் உலகெங்கும் உள்ள கணினிகளில் பதிவாகியிருக்கிறது. வொலட்டில் இருப்பது அதைத் திறக்கும் சாவி மட்டும்தான். வொலட்டைத் திறக்கும்போது 12 ஆங்கிலச் சொற்கள் திரையில் வரும். சிலவற்றில் 24. அந்தச் சொற்களை அதே வரிசையில் அடித்தால் உலகத்தின் எந்த மூலையிலும், எந்தப் போனிலும் உங்கள் வொலட் திறக்கும். அடையாள அட்டை வேண்டாம், கையொப்பம் வேண்டாம். வங்கிப் புத்தகம் தொலைந்தால் கிளைக்குப் போய் முறையிடலாம். இங்கே முறையிட ஒரு கவுண்டரும் இல்லை.

ஆகவே வொலட்டைத் திறந்து கொடுத்தவர் அந்தச் சொற்களை எழுதிக்கொண்டால் வொலட் அவருடையது. கொழுந்து நிறுக்கும்போது தராசைக் கண்ணால் பார்க்கிறோம், ஒரு கிலோ குறைந்தாலும் சண்டை பிடிக்கிறோம். இதில் மட்டும் ஏன் போனைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகிறோம்?

காரணம் எமக்குத் தெரியும். சொற்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. 2,048 சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்துதான் பெரும்பாலான வொலட்டுகள் அவற்றை எடுக்கின்றன. ஜப்பானிய மொழியிலும் பிரெஞ்சிலும் அப்படியொரு பட்டியல் உண்டு, தமிழில் இல்லை. தமிழ் மட்டும் வாசிக்கும் தாய் போனை இன்னொருவர் கையில் கொடுக்கத்தானே செய்வார்? களவுக்குக் கதவு திறப்பது அங்கேதான். சொற்களின் அர்த்தம் தெரியத் தேவையில்லை. எழுத்து சரியாக இருந்தால் போதும். பாடசாலை போகும் உங்கள் பிள்ளை எழுத்தெழுத்தாகச் சொல்ல, இலக்கம் போட்டுக் கொப்பியில் நீங்களே எழுதுங்கள். முகவர் பக்கத்தில் இருக்கக் கூடாது. அவர் சொந்தக்காரராக இருந்தாலும்தான்.

அதைப் படம் பிடிக்க வேண்டாம். போனில் உள்ள படங்கள் தாமாகவே கூகுளுக்குப் போய்ச் சேரலாம். வட்ஸ்அப்பிலும் அனுப்ப வேண்டாம். லயத்தில் தீப்பிடித்தால் என்ன மிஞ்சும் என்பது எமக்குப் புதிதல்ல. ஆகவே இன்னொரு பிரதியை வேறொரு வீட்டில், முழு நம்பிக்கையான ஒருவரிடம் உறையில் ஒட்டிக் கொடுத்து வையுங்கள்.

செயலியை யாரோ அனுப்பிய லிங்கில் இறக்க வேண்டாம். முதலில் மிகச் சிறிய தொகையை மட்டும் போடுங்கள். பிறகு செயலியை அழித்துவிட்டு, கொப்பியில் உள்ள சொற்களால் மீண்டும் திறந்து பாருங்கள். திறந்தால் எழுதியது சரி. இந்தச் சோதனையைச் செய்யும் ஆட்கள் குறைவு. "உதவிப் பிரிவிலிருந்து பேசுகிறோம், சொற்களைச் சொல்லுங்கள்" என்று அழைப்பு வந்தால் அது களவுதான்.

எம்டிஎப்இ, ஒன்மெக்ஸ்டிடி ஆகியவற்றை மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. அப்படியான திட்டங்களில் திரையில் ஏறும் தொகை வெறும் இலக்கம். பணம் நடத்துகிறவரின் கையில். ஆள் சேர்த்தால் கமிஷன் என்று யாராவது சொன்னால், வொலட்டைப் பற்றிப் பேசவே தேவையில்லை, வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஏற்கெனவே வேறொருவர் திறந்து கொடுத்த வொலட்டை வைத்திருப்பவர்கள் கடவுச்சொல்லை மாற்றிப் பயனில்லை. பழைய சொற்கள் அப்படியே வேலை செய்யும். புதிய வொலட் ஒன்றை நீங்களே திறந்து, புதிய சொற்களை எழுதிச் சோதித்து, உள்ளதை இன்றைக்கே அதற்கு மாற்றுங்கள்.