செவிக்குள் ஒரு சங்கீத சபை

1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய ‘போ’ தோட்டம் முதலாகக் கேமரன் மலைச் சரிவெங்கும் பரவிய தேயிலைத் தோட்டங்களில், ஓய்வு வேளையில் மின்னல் எஃப்எம் வானொலியையோ கைப்பேசியில் சேமித்த கச்சேரியையோ கேட்க விரும்பும் நம்மவர், செவித்துளைக்குள் பொருந்தும் இயர்போனை வாங்கத் தானா ராத்தாவில் கடையேறும்போது, பெட்டியின்மேல் அச்சிட்ட விளம்பரத்தையும் விலையின் உயர்வையுமே பிரமாணமாகக் கொள்வது எனக்கு மிகுந்த விசனத்தைத் தருகிறது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துத் தாழ்ந்த நாதம் மெலிந்து ஒலிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இயர்போனின் குறையன்று. நுனியிலுள்ள சிலிக்கோன் உறை செவித்துளையை இடைவெளியின்றி அடைக்காதபோது, தாழ்ந்த ஸ்தாயியின் ஒலி அவ்வழியே கசிந்து போய்விடுகிறது. ஆதலால், உடன் வரும் சிறிய, நடுத்தர, பெரிய உறைகளை இரு செவிகளிலும் தனித்தனியே பொருத்திப் பார்த்த பின்பே (ஒருவருக்கே இரு செவிகளும் எப்போதும் ஒரே அளவாக அமைவதில்லை) குணதோஷம் சொல்வது நியாயம். சீனத்து மூன்டிராப், கேஇசட் முதலிய நிறுவனங்கள் நூறு ரிங்கிட்டுக்கும் குறைந்த விலையில் கம்பியுள்ள நல்ல இயர்போன்களைத் தரும் இக்காலத்தில், அதே விலைக்குக் கம்பியில்லாததைத் தேடுவோர், மின்கலத்துக்கும் புளூடூத்துக்கும் பங்கு போக எஞ்சியதையே ஒலிக்காகப் பெறுகிறார்கள். கைப்பேசியில் கம்பி செருகும் துளை இல்லையெனில் டைப்-சி இணைப்பி ஒன்று போதும். செவ்வனே பொருந்திய உறை புறச்சத்தத்தைத் தடுப்பதால் ஒலியைத் தாழ்த்தியே கேட்கலாம். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதே செவியின் பாதுகாப்புக்காக உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு.