எஞ்சினில் பிழை இல்லை, ஊற்றுகிற தண்ணியில்தான் பிழை

 

கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் ஆனையிறவு, இயக்கச்சி, பளை, பரந்தன் பக்கம் பழைய மாருதி ஒன்றை வைத்திருப்பவர்களும், நகையை அடகு வைத்து ஒன்று வாங்குவோமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களும் கடைசி வரை வாசியுங்கள். கோபம் வந்தாலும் பரவாயில்லை, வாசியுங்கள்.

போன கிழமை தேத்தண்ணிக் கடையில் ஒரு பெரியவர் என்னுடைய காரைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "உதெல்லாம் ஒரு எஞ்சினோ மாஸ்டர்? ஏ40 தான் எஞ்சின். மண்ணெண்ணெயில ஓடினது. உது சூடு தாங்காது." பக்கத்தில் இருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். என்னை விட இருபது வயது மூத்தவர், அதனால் அங்கே வாய் திறக்கவில்லை. இங்கே திறக்கிறேன்.

மண்ணெண்ணெய்க் கதை பொய் இல்லை. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வடக்கில் பெற்றோல் என்பது மருந்துப் போத்தலில் வைத்துப் பார்க்கிற சாமான். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஏ40 சோமசெட், மொரிஸ் மைனர், கேம்பிரிட்ஜ் எல்லாம் அப்படித்தான் ஓடின. நான் இதைக் கண்ணால் கண்டவன் இல்லை. 1990 ஒக்டோபரில் எங்கள் சனம் வெளியேற்றப்பட்டபோது நான் கைக்குழந்தை, வளர்ந்தது புத்தளத்தில். வாப்பாவின் மொரிஸ் மைனர் சோனகதெருவிலேயே நின்றது. அதற்குப் பிறகு யார் ஓட்டினார்கள், அதுவும் மண்ணெண்ணெயில் ஓடியதா என்று எங்களுக்குத் தெரியாது. அது வேறு கதை, இன்னொரு நாளைக்கு எழுதுகிறேன்.

ஏன் அந்த எஞ்சின்கள் மண்ணெண்ணெயைத் தாங்கின? மாயம் ஒன்றும் இல்லை. சோமசெட்டின் எஞ்சின் 1200 சீசீ. அது தருவது ஏறத்தாழ 40 குதிரை வலு. அழுத்த விகிதம் ஏழை ஒட்டியது. புளொக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. மண்ணெண்ணெய் அழுத்தத்தைத் தாங்காத எரிபொருள், அழுத்தம் கூடினால் நேரத்துக்கு முன்னமே பற்றி 'டங் டங்' என்று தட்டும். அந்த எஞ்சினில் அழுத்தம் குறைவு, அதனால் தப்பியது. பெரிய உடம்பு, சின்ன வேலை.

ஆனால் பெரியவர்கள் கதையின் மற்றப் பாதியைச் சொல்வதில்லை. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வடிந்து எஞ்சின் ஒயிலோடு கலக்கும், ஒயில் தண்ணியாகும். கரி பிடிக்கும். அதனால் அந்தக் கார்க்காரர்கள் ஒவ்வொரு நாளும் பொனற்றைத் திறந்தார்கள். ஒயில் பார்த்தார்கள், பிளக்கைக் கழற்றிச் சுரண்டினார்கள், ஹெட்டை இறக்கிக் கரி எடுத்தார்கள். வேறு கார் வராது என்று தெரிந்து, இருந்ததைப் பிள்ளை மாதிரிப் பார்த்தார்கள். எங்கள் ஆட்கள் இதில் 'உடையாத எஞ்சின்' என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 'பழசு என்றால் என்ன ஊற்றினாலும் ஓடும்' என்று அதை மாற்றி, மாருதியின் தலையில் கட்டிவிட்டார்கள்.

இப்போது மாருதிக்கு வருவோம். மாருதி 800 இந்தியாவில் 1983 டிசம்பரில் வந்தது, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. முப்பது வருடம். அதன் எஞ்சின் சுசுக்கியின் எஃப்8பி, மூன்று சிலிண்டர், 796 சீசீ. தருவது 40 குதிரை வலுவுக்குச் சற்றுக் குறைவு. அதாவது சோமசெட் 1200 சீசீயில் எடுத்த வலுவை இந்தச் சின்ன எஞ்சின் 800இல் எடுக்கிறது. எரிபொருளும் எவ்வளவோ குறைவு. இது மோசமான எஞ்சின் என்று சொல்பவர், ஒரு ஆள் இரண்டு ஆளின் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது அவனை நோஞ்சான் என்கிறவர்.

முக்கியமான விசயம் இதுதான்: மாருதியின் புளொக் இரும்பு, ஹெட் அலுமினியம். அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அளவான சூட்டில் பிரச்சினை இல்லை. சூடு எல்லை தாண்டினால் ஹெட் வளையும், நடுவில் இருக்கிற காஸ்கெட் போகும். இரும்பு ஹெட்டும் அளவு கடந்த சூட்டில் கெடத்தான் செய்யும், ஆனால் அது கொஞ்சம் மன்னிக்கும். அலுமினியம் மன்னிக்காது.

அந்த அலுமினியத்துக்கு நாங்கள் என்ன கொடுக்கிறோம்? ஆனையிறவில் இருந்துகொண்டு இதைக் கேட்க வேண்டியிருக்கிறது. வெயிலில் கடல்தண்ணியைக் காயவிட்டு உப்பெடுக்கிற இடம் இது. எங்கள் கிணற்றுத் தண்ணியில் தேத்தண்ணி போட்டால் பால் திரைகிறது. உடுப்புத் தோய்த்தால் சவர்க்காரம் நுரைக்காது. குடிக்க வாங்கி வைக்கிறோம், பிள்ளைகளுக்கு ஃபில்டர் போடுகிறோம். காருக்கு மட்டும் அதே கிணற்றில் இருந்து ஒரு வாளி. "தண்ணி தானே."

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மின்னிரசாயனக் கலம் படிப்பிக்கிறோம். இரண்டு வேறு உலோகத் தகடு, நடுவில் உப்புக் கரைசல், வெளியே வயரால் தொடுத்தால் மின்னோட்டம். தாக்குதிறன் கூடிய உலோகம் கரைந்து போகும். இரும்பையும் அலுமினியத்தையும் போல்ட் போட்டு இறுக்கி, உள்ளே உப்புத் தண்ணியை ஊற்றி, எண்பது தொண்ணூறு பாகைக்குச் சூடாக்கினால் அது என்ன? நாங்கள் பரிசோதனை மேசையில் செய்வதேதான். கரைவது அலுமினியம், அதாவது ஹெட். மேலதிகமாக உப்பில் உள்ள குளோரைட்டு அலுமினியத்தின் மேல் இருக்கிற பாதுகாப்புப் படையைக் குத்திக் குத்தித் துளை போடும். சுண்ணாம்பும் சேர்ந்து றேடியேற்றரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும்.

இதைக் கரும்பலகையில் எழுதுகிற நானே என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு வருடம் பள்ளிவாசல் கிணற்றுத் தண்ணியை ஊற்றினேன். அந்தக் கார் 11.5 இலட்சத்துக்கு வாங்கியது, மனைவியின் காப்பு இன்னும் வங்கியில் இருக்கிறது. அப்படியிருந்தும் ஊற்றினேன்.

பலன் மாசி மாதம் கிடைத்தது. பக்கத்து வீட்டு அம்மாவை யாழ்ப்பாணத்துக்கு கிளினிக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வருகிறோம். அவவுக்கு இருதய வருத்தம். நேரம் ஒரு மணி. இயக்கச்சி தாண்டும்போது வெப்பமானி முள்ளு ஏறியது. ஏசி இல்லாத கார், ஜன்னலைத் திறந்து மெதுவாக ஓட்டினேன். கொஞ்சத்தில் முள்ளு தானாக இறங்கியது. அல்ஹம்துலில்லாஹ், ஆறிவிட்டது என்று நினைத்து மிதித்தேன்.

இந்த இடத்தைத் திரும்ப வாசியுங்கள். முள்ளு இறங்கியது எஞ்சின் ஆறியதால் இல்லை. தண்ணி முடிந்ததால். சூட்டை அளக்கிற கருவி தண்ணிக்குள் இருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணி போய் வெறும் ஆவியும் காற்றும் வந்தால் அது பொய் சொல்லும். ஏறிய முள்ளு காரணம் இல்லாமல் சட்டென்று இறங்கினால் அந்த இடத்திலேயே நிப்பாட்டுங்கள். நான் நிப்பாட்டவில்லை. தாம்போதியில், இரண்டு பக்கமும் வெளிறின தண்ணி, ஒரு மர நிழல் இல்லை, அங்கே வெள்ளைப் புகையோடு கார் நின்றது. அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரக் கட்டில் இருந்தா. "எனக்கு ஒண்டுமில்லைத் தம்பி, நீ பதறாத" என்று எனக்கு ஆறுதல் சொன்னது அவதான். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு ஓட்டோத் தம்பி நிப்பாட்டி, இரண்டு போத்தல் தண்ணி தந்தான். நல்ல பிள்ளை, துஆ கேட்கிறேன் அவனுக்கு. ஆனால் கையில் பட்டதை நக்கிப் பார்த்தேன், உப்பு. சூடான ஹெட்டில் பச்சைத் தண்ணி ஊற்றினால் வெடிக்கும் என்பது ஒரு பக்கம், ஊற்றுகிற தண்ணியும் அதே விசம். அம்மாவை அவனுடைய ஓட்டோவிலேயே வீட்டுக்கு அனுப்பினேன்.

ஹெட்டை இறக்கியபோது பார்த்தேன். தண்ணிப் பாதையில் வெள்ளைப் படை, விளிம்பில் எலி கடித்தது போல் துளைகள். ஒயில் பால் தேத்தண்ணி நிறம். எல்லாமாக 68,000 ரூபா. நாலு லீற்றர் கூலன்ட் கான் ஒன்றே அந்தக் காருக்குப் போதும். அதன் விலையை நீங்களே கடையில் கேட்டுக் கணக்குப் பாருங்கள்.

இனி கராஜ்காரர்களுக்கு. எல்லாரையும் சொல்லவில்லை, நல்ல கை உள்ளவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். ஆனால் கார் சூடாகிறது என்று போனால் முதல் வேலையாகத் தேமோஸ்டாட்டைக் கழற்றி எறிகிற பழக்கம் எங்கிருந்து வந்தது? எனக்கும் அதுதான் நடந்தது. கழற்றியதைப் பேப்பரில் சுற்றித் தந்து, "எங்கட சூட்டு நாட்டுக்கு இது தேவையில்லை மாஸ்டர்" என்றார். தேமோஸ்டாட் குளிர் நாட்டுக்கான சாமான் இல்லை. எஞ்சின் ஏறத்தாழ 80 பாகைக்கு வரும்வரை தண்ணியை மறித்து, வந்ததும் திறந்துவிடுகிற கதவு. அதை எடுத்தால் எஞ்சின் சூடாக நேரம் எடுக்கும், பெற்றோல் கூடக் குடிக்கும், ஒயிலில் உள்ள ஈரம் போகாமல் களியாகும். பழுதானால் புதிது போட வேண்டும். கழற்றி எறிவதால் றேடியேற்றர் அடைப்பு போகாது, இரண்டு மாதத்துக்குத் தெரியாமல் இருக்கும், அவ்வளவுதான். காய்ச்சல்காரனின் வெப்பமானியை உடைத்துவிட்டுச் சுகம் என்று சொல்கிற வைத்தியம்.

றேடியேற்றர் மூடியும் அப்படித்தான். ரப்பர் போன மூடியை "மூடி தானே" என்று விடுகிறோம். அந்த மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணி 100 பாகை தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. டைமிங் பெல்ட், டிஸ்ரிபியூட்டர், வால்வ் கவர் ஒயில் கசிவு, இவையெல்லாம் இந்த எஞ்சினில் வருகிற வருத்தங்கள்தான், மறுக்கவில்லை. பழைய கார் வாங்கினால், விற்றவர் என்ன சொன்னாலும், பெல்ட்டை மாற்றுங்கள். மற்றவை சில்லறை. கொல்லுவது சூடு.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது, திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடத்தில் இருபது வருடத்துக் கார்களுக்குத் தங்க விலை. திறந்த பிறகும் புதுக் கார் எங்களில் யாருக்கு எட்டும்? அதனால் இந்தச் சின்ன எஞ்சின்கள்தான் இன்னும் கனகாலம் எங்களை ஆஸ்பத்திரிக்கும் ரியூசனுக்கும் கொண்டு போகப் போகின்றன. அதைத் தெரிந்துகொண்டே லீக் அடைக்கிற மருந்தும் மஞ்சள் தூளும் றேடியேற்றருக்குள் போட்டு, எஞ்சினைக் கழுவி மினுக்கி, "ஒரு சொட்டுக் குறையாது" என்று விற்கிறீர்கள். நனைந்த தானியத்தை அடியில் மறைத்து வைத்த வியாபாரியிடம் நபி (ஸல்) அவர்கள் என்ன கேட்டார்கள் என்று ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்? தானியத்துக்கு ஒரு சட்டம், காருக்கு வேறு சட்டமா? குறையைச் சொல்லி விலையைக் குறைத்து வில்லுங்கள்.

"கூலன்ட் வாங்கக் காசில்லை" என்று பின்னூட்டம் வரும், தெரியும். கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழையைக் கூரையில் இருந்து பிடித்து வையுங்கள். முதல் மழையை விட்டுவிட்டு, பிறகு வருவதைச் சுத்தமான கானில். பற்றறிக்கு ஊற்றுகிற தண்ணியும் கடையில் இருக்கிறது. அவசரத்துக்கு இவை போதும், உப்பு இல்லை. ஆனால் துருவைத் தடுக்கிற மருந்து கூலன்டில்தான் இருக்கிறது, கையில் காசு வந்ததும் அதற்கு மாறுங்கள்.

"ஏ40க்கும் இதே கிணற்றுத் தண்ணிதானே ஊற்றினோம்" என்றும் வரும். ஊற்றினீர்கள். அது இரும்பு, துருப்பிடித்தது, நீங்கள் அடிக்கடி கழற்றிக் கழுவினீர்கள். அந்தக் கழுவின கையைத்தான் நான் இப்போது கேட்கிறேன்.

வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூட மதிலடியில் நிற்பேன். காரைக் கொண்டு வாருங்கள், இரவு ஓடாமல் ஆறவிட்ட காராக இருக்க வேண்டும். மூடியைத் திறந்து தண்ணியின் நிறத்தைப் பார்ப்போம், ஒயில் குச்சியை இழுத்துப் பார்ப்போம். காசு இல்லை. தேத்தண்ணிக் கடைப் பெரியவரையும் கூப்பிட்டிருக்கிறேன், வருகிறேன் என்றிருக்கிறார். வருகிறவர்கள் கீழே எழுதுங்கள், எத்தனை பேர் என்று தெரிந்தால் அதற்கேற்ப மழைத்தண்ணிக் கான் கொண்டு வரலாம்.