பறவை காட்டுவதும் ஒரு தொழில்



வாடைக்காற்றுத் தொடங்கினால் சுண்டிக்குளத்துக் கடனீரேரியில் பூநாரைகள் வந்து இறங்கும். இறால் பிடிக்கவும் விறகு பொறுக்கவும் போகும் எங்களுக்கு அது புதினமில்லை. ஆனால் அதைக் காணவென்றே தூர இடங்களிலிருந்து தொலைநோக்கியோடு வருகிறார்கள்.

1938இல் பறவைகள் சரணாலயமான சுண்டிக்குளம், 2015இல் தேசியப் பூங்காவானது. கரீபியன் கடலிலுள்ள டிரினிடாட் தீவிலும் கரோனி என்றொரு சதுப்பு நிலம் உண்டு. மாலையில் அங்கு அடைய வரும் சிவப்பு அரிவாள் மூக்கன் பறவைகளைப் பார்க்க, மக்கள் காசு கொடுத்துப் படகில் போகிறார்கள். படகோட்டிப் பறவை காட்டுவோர் அந்த ஊரவர்களே.

எந்த மாதம் எந்தப் பறவை வரும், எந்தச் சேற்றில் கால் புதையும் என்பதெல்லாம் உங்களுக்கும் தெரியும். அந்த அறிவுக்கும் விலை உண்டு.

சில விடயங்களை மனதில் வையுங்கள். பூங்காவுக்குள் போக வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். விடியற்காலையில், இருவராகச் சேர்ந்து போங்கள். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடித்துச் சிற்றுயிர்களை உண்ணும். கிட்டப் போய்க் கலைத்தால் அதன் சாப்பாடு கெடும். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் ஒருவரையும் விடாதீர்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. அதைப் பெற முயலுங்கள்.

வந்தவர்களுக்கு மதியச் சோறு கட்டிக் கொடுத்தால் இன்னொரு வீட்டிலும் அடுப்பு எரியும்.

கூலி கேட்கக் கூச்சப்படாதீர்கள். நீங்கள் கேட்பது உதவியல்ல, உழைப்பின் ஊதியம்.