கேஸ் எங்கே போயிற்று?

பங்குனி வெயில் தலைகாட்டியதும் ஏ.ஸி.யை ஓட விடுகிறீர்கள். அறை குளிர்ந்தால்தானே! மெக்கானிக் வருகிறார், வெளியே இருக்கும் பெட்டியில் மீட்டரை மாட்டிப் பார்க்கிறார், "கேஸ் கொறைஞ்சு போச்சும்மா, ஏத்திடலாமா?" என்கிறார். நீங்களும் தலையை ஆட்டி விடுகிறீர்கள். சமையல் கேஸ் தீர்ந்து போவதைப் போல இதுவும் தீர்ந்திருக்கும் என்று எண்ணம்.

அப்படியில்லை, நேயர்களே! அடுப்பு கேஸ் எரிந்து தீர்கிறது. ஏ.ஸி. கேஸ் செலவாவதே இல்லை. அறையின் உஷ்ணத்தை வாங்கி வெளியே கொட்டிவிட்டுத் திரும்பி வரும். பத்து வருஷமானாலும் அதே கேஸ்தான். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிறவளைப் பார்த்து நாம் சிரிக்கலாமா?

கடற்கரை ஊர்களில் உள்ளேயிருக்கும் சுருள் குழாயே அரித்துப் போவதுண்டு. ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, செம்புக் குழாய்களின் நுனிகளில் இருக்கும் நான்கு பித்தளை நட்டுகளைத்தான். இரண்டு குழாய்கள், உள் பெட்டியில் இரண்டு நட்டு, வெளிப் பெட்டியில் இரண்டு.

அந்த இணைப்பில் ஈயப் பற்று கிடையாது, ரப்பர் வாஷரும் கிடையாது. குழாயின் வாயை ஊமத்தம் பூவைப் போல விரித்து, கூம்பான பித்தளை முனையின் மேல் உட்கார வைத்து, நட்டினால் அழுத்துகிறார்கள். மெதுவான செம்பு நசுங்கிப் பித்தளையோடு ஒட்டிக் கொள்கிறது. மேல் நாடுகளில் வீட்டுத் தண்ணீர்க் குழாய்களைக்கூட இதே தத்துவத்தில் இணைப்பதுண்டு. அங்கே வாயை விரிக்காமல், குழாயின் மேல் ஒரு பித்தளை வளையத்தை மாட்டி அழுத்துவார்கள். மரை அழுத்துவதற்கு மட்டுமே. கசிவைத் தடுப்பது அதுவல்ல. ஆகவே ஏ.ஸி. நட்டின் மரையில் ஒருவர் வெள்ளை டேப்பைச் சுற்ற ஆரம்பித்தால், அவருக்கு இந்த வேலை தெரியாது என்று வைத்துக் கொள்ளலாம்.

'பலமாக முறுக்கினால் நல்லதுதானே?' என்பீர்கள். அதுதான் இல்லை! அளவுக்கு மீறினால் விரிந்த வாய் மெலிந்து கீறிவிடும். அன்றைக்குக் குளிரும், அடுத்த கோடையில் காலை வாரிவிடும். காலங்குலக் குழாயின் நட்டுக்குப் பொதுவாக 14 முதல் 18 நியூட்டன் மீட்டர் போதும். இதை அளந்து முறுக்குவதற்கென்றே டார்க் ரென்ச் என்று ஒரு ஸ்பானர் இருக்கிறது. நல்ல வேலைக்காரர் முதலில் கையாலேயே நட்டை ஏற்றுவார். பிறகு ஒரு ஸ்பானரால் மறுபக்கத்தை அசையாமல் பிடித்துக் கொண்டு, இன்னொன்றால் முறுக்குவார்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு இதில் தனிக் கவலை உண்டு. வீடு மாறும்போது கழற்றிய குழாயை அப்படியே புது வீட்டில் மாட்டி விடுகிறார்கள். ஒரு தடவை நசுங்கிய வாய் இரண்டாம் தடவை சரியாக உட்காரும் என்று நம்ப முடியாது. நுனியை வெட்டி, பிசிறு நீக்கி, புதிதாக வாய் விரிக்கச் சொல்லுங்கள். மிஞ்சிப் போனால் பத்து நிமிஷ வேலை. அதன் பிறகு வாக்குவம் பம்பை வைத்துக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சிவிட்டே கேஸைத் திறக்க வேண்டும்.

ஒழுக்கை அப்படியே விட்டு வைத்தால் நஷ்டம் கேஸோடு நிற்காது. திரும்பி வரும் கேஸ்தான் கம்ப்ரஸரைக் குளிர்விக்கிறது. அது குறைந்தால் கம்ப்ரஸர் சூடேறிக் கருகும். அதன் விலையைக் கேட்டால் நமக்கே வியர்க்கும்! தவிர, இப்போது பரவலாக உள்ள ஆர்-32 கேஸ் லேசாகத் தீப்பற்றக் கூடியது. வேலை நடக்கும்போது ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். பக்கத்தில் விளக்கோ ஊதுவத்தியோ வேண்டாம்.

ஆகவே அடுத்த முறை, "முதலில் ஒழுக்கைக் கண்டுபிடியுங்கள்" என்று சொல்லுங்கள். நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதுவே துப்பு. சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக் கொடுக்கும். (மாடிச் சுவரில் தொங்கும் பெட்டியை நீங்களே எட்டிப் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள்!) ஒழுக்கை அடைத்த பிறகு, எத்தனை கிராம் கேஸ் என்று வெளிப் பெட்டியின் தகட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து, தராசில் நிறுத்துப் போடச் சொல்லுங்கள்.